மௌன ராணிகள் – 9: "சரி, போகிறேன்!"

போன வாரம் லூயிஸ் ப்ரூக்ஸைப் பாரமவுண்ட் ஸ்டூடியோவில், முதலாளி அறை வாசலில் நிறுத்திவிட்டு ‘தொடரும்’ போட்டேன். ஏழு நாளாக அவர் அங்கேயே நிற்கிறார். நீங்களும்தான். இன்னும் காக்கவைத்தால் எனக்குப் பாவம் சேரும்.

கதவைத் திறப்போம்.

உள்ளே பி. பி. ஷுல்பெர்க். பாரமவுண்டின் ஹாலிவுட் ஸ்டூடியோவுக்கு அவர் வைத்ததுதான் சட்டம். வாயில் சுருட்டு. யாருக்கு எந்தப் படம், யாருக்கு எத்தனை டாலர், யாரை இந்த மாதத்தோடு வீட்டுக்கு அனுப்புவது, எல்லாம் அந்தப் புகைக்குள்தான் முடிவாகும். கிளாரா போவை மேலே தூக்கிவிட்ட மனிதர். தூக்கிவிடத் தெரிந்தவருக்கு இறக்கிவிடவும் தெரியும்.

எதிரே லூயிஸ். வயது 21. புருவத்துக்கு மேலே நேர்கோடாக வெட்டிய முன்முடி. இரண்டு கன்னங்களிலும் வளைந்து, கூராக முடியும் கறுப்பு பாப். அந்த வெட்டைப் பார்த்துத் தங்கள் கூந்தலுக்கும் கத்தரி வைத்த அமெரிக்கப் பெண்கள் ஏராளம். எடி சதர்லாந்துடனான கல்யாணம் முறிந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. கடைசியாக நடித்த ‘கேனரி மர்டர் கேஸ்’ அப்போதுதான் முடிந்திருந்தது.

அந்தப் படத்தை ஊமைப் படமாகவே எடுத்து முடித்திருந்தார்கள். இதை மட்டும் ஒரு ஓரத்தில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இது வந்து கழுத்தைப் பிடிக்கும்.

1928. ‘ஜாஸ் சிங்கர்’ வந்து ஓராண்டு ஆகியிருந்தது. திரையில் ஒருவன் வாய் திறந்து பாடியதில் ஹாலிவுட்டே ஆடிப்போயிருந்தது. ஒலிப்பதிவுக் கருவி, சத்தம் புகாத கட்டடம் என்று ஸ்டூடியோக்கள் பணத்தைத் தண்ணீராகச் செலவழித்தன. அந்தப் பணத்தை எங்கே பிடிப்பது?

நடிகர்களிடம்தான்.

வழி எளிது. ஒப்பந்தத்தில் இருக்கும் நடிகரைக் கூப்பிடு. பேசும்படக் காலம் வந்துவிட்டது, உன் குரல் எடுபடுமோ என்னவோ, எங்களுக்குப் பெரிய துணிச்சல்தான் என்று சொல். குரலைச் சோதிக்க வேண்டாம். சந்தேகப்பட்டால் போதும். பயந்துபோன நடிகர் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்வார்.

லூயிஸ் விஷயத்திலும் அதேதான். ஒப்பந்தப்படி அவருக்கு இப்போது சம்பளம் கூட வேண்டும். ஷுல்பெர்க் சொன்னதன் சாரம் இது. கூட்டித் தர முடியாது. வாரம் 750 டாலர், இப்போது வாங்குவதுதான். இஷ்டமிருந்தால் இரு. இல்லாவிட்டால் போ.

750 டாலர் ஒன்றும் சில்லறைக் காசு அல்ல. பத்துப் பதினைந்து டாலருக்கு வாரம் முழுக்க உழைத்தவர்கள் அந்த நாட்டிலேயே லட்சக்கணக்கில் இருந்தார்கள். அறிவுள்ள எந்த நடிகையும் தலையாட்டியிருப்பார். ஷுல்பெர்க்கும் அந்தத் தலையாட்டலுக்காகத்தான் காத்திருந்தார்.

லூயிஸ் தலையாட்டவில்லை.

"சரி, போகிறேன்." அவர் பதிலின் சுருக்கம் அவ்வளவுதான்.

அழவில்லை. கெஞ்சவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று ஒரு நாள் அவகாசம்கூடக் கேட்கவில்லை. கன்சாஸ் மாநிலத்துச் சிற்றூர் வக்கீல் ஒருவரின் மகள், ஹாலிவுட்டின் அசைக்கமுடியாத மனிதர் ஒருவரின் முகத்துக்கு நேரே எழுந்துவிட்டார்.

திமிரா?

திமிர் இல்லாமல் இல்லை. இந்தப் பெண்ணைத் தொடக்கத்திலிருந்து பார்த்து வருகிறீர்கள். டெனிஷான் நடனக் குழுவில் ரூத் செயின்ட் டெனிஸ் எல்லார் முன்னிலையிலும் வெளியே போகச் சொன்னபோதும் பணியாதவர். ஹாலிவுட்டை அவருக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. செட்டில் மற்றவர்கள் வம்பளக்கும் நேரத்தில் ஒரு மூலையில் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவார். அங்கே அதுவே பெரிய குற்றம்.

ஆனால் அன்றைக்குத் திமிர் மட்டும் பேசவில்லை. லூயிஸ் கையில் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. அது ஷுல்பெர்க்குக்குத் தெரியாது.

அந்தச் சீட்டைக் கொடுத்தவர் ஜார்ஜ் பிரெஸ்டன் மார்ஷல். வாஷிங்டனில் சலவைத் தொழிலில் பணம் பார்த்தவர். பிற்காலத்தில் அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றின் முதலாளியாகப் பெயர் வாங்கப்போகிறவர். அந்த நாளில் லூயிஸின் காதலர். நாடகம், சினிமா என்றால் உயிரை விடுவார். சினிமாக்காரர்கள் மத்தியில் அவருக்கு இருந்த பழக்கத்தில் ஒரு சேதி காதில் விழுந்திருந்தது. ஜெர்மனியிலிருந்து ஒரு டைரக்டர் பாரமவுண்டுக்குத் தந்தி மேல் தந்தி அடிக்கிறாராம். லூயிஸ் ப்ரூக்ஸை ஒரு படத்துக்குக் கடன் கேட்கிறாராம். ஸ்டூடியோ அதை லூயிஸுக்குச் சொல்லாமலே வைத்திருக்கிறதாம்.

டைரக்டர் பெயர் ஜி. டபிள்யூ. பாப்ஸ்ட்.

லூயிஸ் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை. பின்னாளில் அவரே அப்படி எழுதியிருக்கிறார். ஒத்துக்கொள், போய் நடி என்று வற்புறுத்தியவர் மார்ஷல்தான். சினிமா ரசனை ஒரு காரணம். காதலியோடு பெர்லினைச் சுற்றிப் பார்க்கலாம் என்பது இன்னொரு காரணமாக இருந்திருக்கலாம். அந்தக் காலத்து பெர்லின் ராத்திரிகள் உலகப் பிரசித்தம்.

மறுபடி அறைக்குள் வருவோம்.

போகிறேன் என்று லூயிஸ் சொன்னதும் ஷுல்பெர்க்குக்கு இனி இழக்க எதுவும் இல்லை. அப்போதுதான், ஏதோ நினைவு வந்தவராகத் தந்தி விஷயத்தைச் சொன்னார். ஜெர்மனியில் ஒருவன் உன்னைக் கேட்டுத் துளைக்கிறான்.

லூயிஸ் துள்ளிக் குதித்தாரா? இல்லை. முதல் தடவை கேட்பவரைப் போல, முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் நிதானமாகச் சொன்னார். ஏற்றுக்கொள்கிறேன், அவருக்குத் தெரிவித்துவிடுங்கள்.

அதுவரை தான் நடித்த பதினான்கு படங்களில் கேமரா முன்னால் அவர் இப்படி ஒரு நடிப்பு நடித்ததில்லை.

கதவு சாத்திக்கொண்டது. லூயிஸ் வெளியே வந்தார். உள்ளே ஒரு தந்தி தயாரானது.

அந்தத் தந்தி கடலைத் தாண்டி ஒரு நாள் தாமதித்துப் போயிருந்தால் இந்த அத்தியாயமே கிடையாது. ஏனென்றால் அங்கே பெர்லினில் இன்னொரு பெண் பேனாவைக் கையில் எடுக்கப்போகிறாள்.

*

இப்போது பாப்ஸ்டின் அலுவலகம்.

மனிதர் நொந்துபோயிருக்கிறார். எடுக்கப்போகும் படம் ‘பண்டோராவின் பெட்டி’. ஃப்ராங்க் வேடகிண்ட் எழுதிய இரண்டு நாடகங்களைச் சேர்த்துப் பின்னிய கதை. பணம் தயார். நடிகர்கள் தயார். கதாநாயகி மட்டும் இல்லை.

கதாநாயகி பெயர் லூலு. ஜெர்மானியர்களுக்கு அவளை நன்றாகத் தெரியும். அவளைக் கண்டவர்கள் எல்லாம் அவள்மேல் பைத்தியமாகிறார்கள். பத்திரிகை அதிபர், அவர் மகன், ஒரு சீமாட்டி, ஒரு சர்க்கஸ் பயில்வான், யாரும் தப்பவில்லை. தப்பாதவர்கள் அத்தனை பேரும் அழிகிறார்கள். அவள் யாரையும் அழிக்க நினைப்பதே இல்லை. கடைசியில் லண்டன் சந்து ஒன்றில், ஒரு கிறிஸ்துமஸ் ராத்திரி, ஜாக் தி ரிப்பரின் கத்திக்கு இரையாகிறாள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு இதே லூலுவாக அஸ்டா நீல்சன் நடித்திருந்தார். ஐரோப்பாவே கையெடுத்துக் கும்பிட்ட நடிகை. ஆனால் பாப்ஸ்ட் தேடியது வேறு ஒருத்தியை. கண்ணைச் சிமிட்டி மயக்குகிற பெண் அவருக்கு வேண்டாம். குழந்தையின் முகம் வேண்டும். தன்னால் ஒரு வீடு பற்றி எரிகிறது என்பது தெரியாமல் சிரிக்கிற முகம். கிரேட்டா கார்போவை ‘ஜாய்லெஸ் ஸ்ட்ரீட்’ படத்தில் நடிக்கவைத்தவர் அவர். பெண் முகங்களைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது.

தேடல் மாதக்கணக்கில் நீண்டது. உதவியாளர்கள் பாடு திண்டாட்டம். தெருவில் போகும் பெண், சுரங்க ரயிலில் எதிரே உட்கார்ந்த பெண், ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருக்கும் பெண் என்று யாரையும் விடவில்லை. பக்கத்தில் போய் "எங்கள் டைரக்டரை வந்து பார்க்க முடியுமா?" என்று கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு அவர்களுக்கு எத்தனை அடி விழுந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. வந்த பெண்களை எல்லாம் பாப்ஸ்ட் மரியாதையாக உட்காரவைத்துப் பார்த்தார். மரியாதையாகவே திருப்பி அனுப்பினார்.

ஒரு நாள் ஓர் அமெரிக்கப் படம் பார்க்கப் போனார். ஹோவர்ட் ஹாக்ஸ் எடுத்த ‘எ கேர்ள் இன் எவ்ரி போர்ட்’. அதில் உயரத்திலிருந்து தண்ணீரில் குதிக்கும் கேளிக்கைக்காரியாக ஒரு பெண் வருவாள். கதைக்கு அவள் அவ்வளவு முக்கியமில்லை. ஆண்கள் இரண்டு பேர் நட்பைப் பற்றிய படம் அது.

பாப்ஸ்டுக்கு அந்த ஆண்கள் கண்ணிலேயே படவில்லை.

லூலு அகப்பட்டுவிட்டாள்!

தந்தி பறந்தது. பதில் இல்லை. இன்னொன்று. அதற்கும் பிடி கொடுக்கவில்லை பாரமவுண்ட். நாள் போய்க்கொண்டே இருந்தது. நீரோ ஃபிலிம் கம்பெனியின் பணம் வட்டியோடு தூங்கிக்கொண்டிருந்தது. எத்தனை நாள்தான் காத்திருப்பது?

வேறு வழியில்லாமல் பாப்ஸ்ட் உள்ளூர் நடிகை ஒருவரிடம் பேச ஆரம்பித்தார். பெர்லின் மேடைகளில் பாடி ஆடிக்கொண்டிருந்தவர். அழகி. கெட்டிக்காரி. ஆனால் பாப்ஸ்டுக்கு மனசு ஒட்டவில்லை. லூலுவுக்கு இவருக்கு வயது கூட. இவர் ஒரு பார்வை பார்த்தால் போதும், படம் கேலிக்கூத்தாகிவிடும் என்பது அவர் எண்ணம். பாப்ஸ்ட் தன்னிடம் அப்படிச் சொன்னதாக லூயிஸ் எழுதிவைத்திருக்கிறார்.

ஆனாலும் கெடு வைத்தாகிவிட்டது. ஒப்பந்தம் எழுதியாகிவிட்டது. கையெழுத்துதான் பாக்கி.

அந்த நடிகையின் பெயர் மார்லீன் டீட்ரிச்.

ஆம், அவரேதான்!

பேனாவுக்கும் காகிதத்துக்கும் நடுவில் அந்தச் சிறு இடைவெளி இருந்தபோது பாரமவுண்டின் தந்தி வந்து சேர்ந்தது. லூயிஸ் ப்ரூக்ஸை எடுத்துக்கொள்ளலாம்.

டீட்ரிச் வெறுங்கையோடு போனார். அவரை நினைத்து வருத்தப்பட வேண்டாம். இரண்டே ஆண்டில் ‘ப்ளூ ஏஞ்சல்’ படம் அவரை வானத்தில் உட்காரவைத்தது. கையோடு ஹாலிவுட் கூப்பிட்டது. எந்த ஸ்டூடியோ தெரியுமா? பாரமவுண்ட். ஷுல்பெர்க்கின் அதே பாரமவுண்ட். லூயிஸுக்குக் கூட்டித் தர மனமில்லாத நிறுவனம், லூயிஸால் வாய்ப்பை இழந்த பெண்ணுக்குச் சிவப்புக் கம்பளம் விரித்தது.

*

கப்பலில் லூயிஸும் மார்ஷலும் ஐரோப்பா வந்தார்கள். பெர்லினில் ஈடன் ஹோட்டலில் ஜாகை.

வரவேற்பு எப்படி?

பாப்ஸ்ட் ஒருவர் மட்டும் முகமலர்ந்து வரவேற்றார். மற்ற எல்லார் முகத்திலும் கடுகு வெடித்தது. எங்கள் லூலுவாக நடிக்க இந்த நாட்டில் ஒரு பெண் இல்லையா? ஜெர்மன் மொழியில் ஒரு வார்த்தை தெரியாத அமெரிக்க ஆட்டக்காரிதான் கிடைத்தாளா? பத்திரிகைகள் இப்படி முணுமுணுத்தன. செட்டிலும் அதே முணுமுணுப்பு.

லூயிஸுக்கு உடை மாற்றிவிட அமர்த்திய பணிப்பெண் ஜோசிஃபின் இதற்கு முன்பு அஸ்டா நீல்சனிடம் வேலை பார்த்தவர். உலகத்திலேயே பெரிய நடிகை அஸ்டாதான் என்று நம்புகிறவர். லூயிஸிடம் மட்டும் அவருக்குக் கொள்ளைப் பிரியம். ஏனாம்? உலகத்திலேயே மோசமான நடிகை இவள்தான் என்று முடிவு கட்டிவிட்டாராம்! இதைச் சொல்லிச் சிரித்ததும் லூயிஸ்தான்.

லூயிஸுக்கும் தான் பெரிய நடிகை என்ற எண்ணம் கிடையாது. இந்த டைரக்டர் என்னிடம் என்னத்தைக் கண்டார் என்பது அவருக்கே புரியவில்லை. முதல் சில நாட்களில் பாப்ஸ்டுக்கும் உள்ளூர ஒரு கவலை இருந்திருக்க வேண்டும். ஒரே ஒரு படத்தில், ஒரு சின்ன வேடத்தில் பார்த்த முகம். அதை நம்பி டீட்ரிச்சைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். தப்பாகப் போனால்?

விடை ஒரு நடனத்தில் கிடைத்தது.

லூலுவின் வீட்டுக்கு அவளுடைய பழைய கூட்டாளிக் கிழவன் ஷிகோல்க் வருகிற காட்சி. ஆடிக் காட்டு என்பான். அவள் ஆட வேண்டும். பாப்ஸ்ட் தரையில் கொஞ்சம் இடம் காட்டினார். உற்சாகமான ஒரு தாளம் சொன்னார். இதற்குள் ஆடு, அவ்வளவுதான். அசைவு எதுவும் சொல்லித் தரவில்லை.

லூயிஸ் ஆடினார். ஒத்திகை இல்லை, யோசனை இல்லை. உடம்பு தானாகத் திரும்பியது, வளைந்தது, நின்றது.

பாப்ஸ்ட் வாய் பிளந்து நின்றார். நீ தொழில்முறை நடனக்காரி அல்லவா!

டெனிஷான் குழுவில் மார்த்தா கிரஹாமோடு ஒரே மேடையில் ஆடியவர், ஸீக்ஃபெல்ட் ஃபாலிஸில் ஆடியவர் என்பதெல்லாம் டைரக்டருக்குத் தெரியவே தெரியாது. முகத்தைப் பார்த்து எடுத்த முடிவு அது. தன் ஊகம் அத்தனையும் சரி என்று பாப்ஸ்ட் தெரிந்துகொண்ட நிமிடம் அதுதான் என்கிறார் லூயிஸ். நடிப்பு என்ற பெயரில் முகத்தைக் கோணத் தெரியாத பெண். உடம்பால் யோசிக்கிற பெண். பாப்ஸ்ட் கேட்ட லூலுவும் அதுதானே?

அதற்குப் பிறகு பாப்ஸ்ட் யாரையும் விட்டுவைக்கவில்லை. ஆட்டி வைத்தார். ஒவ்வொருவரையும் ஒவ்வொரு விதமாக.

பத்திரிகை அதிபர் ஷோனாக நடித்தவர் ஃபிரிட்ஸ் கோர்ட்னர். ஜெர்மன் மேடையின் சிங்கம். அவருக்கு லூயிஸைக் கண்டாலே ஆகாது. டைரக்டருக்கு ஏதோ மருந்து வைத்துவிட்டாள், சும்மா வந்து நடந்துவிட்டுப் போகிறாள் என்று கொதித்தார். காட்சி முடிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் தன் அறைக்குப் போய்விடுவார்.

பாப்ஸ்ட் அவரைச் சமாதானப்படுத்தினாரா? மாட்டாரே! ஷோனுக்கும் லூலுமேல் அதே வெறுப்புதான், அதே மயக்கம்தான். கோர்ட்னரின் கோபத்தை அப்படியே கேமராவுக்கு முன்னால் அவிழ்த்துவிட்டார். நாடகக் கொட்டகையின் பின்கட்டுக் காட்சியில் ஷோன் லூலுவைப் பிடித்து உலுக்க வேண்டும். கோர்ட்னர் உலுக்கினார். ஷாட் முடிந்தபோது லூயிஸின் கைகளில் பத்து விரல்களும் கன்றிப்போய்ப் பதிந்திருந்தன.

டைரக்டர், கோர்ட்னர் இரண்டு பேருக்கும் பரம திருப்தி.

சீமாட்டி வேடத்தில் பெல்ஜியம் நடிகை ஆலிஸ் ராபர்ட்ஸ். லூலுமேல் காதல் கொண்ட பெண் வேடம். கல்யாண விருந்தில் லூலுவோடு டாங்கோ ஆட வேண்டும், பார்வையில் காதல் வழிய வேண்டும். அந்த அம்மாள் மாட்டவே மாட்டேன் என்றார். பாப்ஸ்ட் சண்டை போடவில்லை. கேமராவுக்கு வெளியே தான் நின்றுகொண்டார். லூயிஸைப் பார்க்க வேண்டாம், என்னைப் பாருங்கள் என்றார். ஆடியது லூயிஸோடு, பார்வை டைரக்டர்மேல். திரையில் அது லூலுமேல் விழுந்த காதல் பார்வையாகிவிட்டது.

லூயிஸுக்கு வைத்த வேட்டு கடைசியில்தான்.

பகலில் ஷூட்டிங், ராத்திரியில் மார்ஷலோடு ஊர் சுற்றல் என்று போய்க்கொண்டிருந்தது. பாப்ஸ்டுக்குப் பொறுக்கவில்லை. வேலை முடிந்தால் நேராக ஹோட்டலுக்குப் போய்த் தூங்க வேண்டும் என்று கட்டளை போட்டார். காவலுக்கு ஜோசிஃபின். மார்ஷலுக்குக் கோபம் வந்தது. லூயிஸ் கேட்டுக்கொண்டார். யார் சொல்லையும் கேட்காத பெண் வாழ்க்கையில் ஒரே ஒரு டைரக்டர் சொல்லைக் கேட்டார்.

லண்டன் காட்சிகள் வந்தன. லூலு நொடித்து, பசியோடு தெருவில் இறங்கும் கட்டம். லூயிஸ் உடை மாற்றப் போனார். அங்கே தொங்கியதைப் பார்த்ததும் அலறிவிட்டார்.

அவருடைய சொந்த உடை! ஆசை ஆசையாய் வைத்திருந்தது. அதைக் கிழித்து, கிரீஸ் பூசி, அழுக்காக்கித் தொங்கவிட்டிருந்தார் பாப்ஸ்ட்.

புதிதாக ஒரு கந்தல் தைக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் கந்தலைப் போட்டுக்கொண்டால் நடிகைக்கு அது ஒரு வேஷம். தன் அருமை உடை கந்தலானதைப் போட்டுக்கொண்டால் அது அவமானம். அந்த அவமானத்தோடுதான் லூயிஸ் கேமரா முன்னால் வந்து நின்றார். பாப்ஸ்டுக்கு வேண்டியதும் அதுதான்.

படம் முடிந்தது. நவம்பர் கடைசி. லூயிஸ் நியூயார்க்குக்குக் கப்பல் ஏறினார்.

இத்தோடு சுபம் போட்டிருக்கலாம். ஆனால் ஒரு விஷயத்தைக் குறித்துவைக்கச் சொன்னேனே, நினைவிருக்கிறதா?

*

பாரமவுண்டிலிருந்து அழைப்பு.

‘கேனரி மர்டர் கேஸ்’ படத்தை இப்போது பேசும்படமாக மாற்றுகிறார்கள். ஊமைப் படத்தை இனி யார் பார்ப்பார்கள்? கேனரி என்ற பாடகியாக நடித்தவர் லூயிஸ். கதையே அவளுடைய கொலையைச் சுற்றித்தான். உடனே ஹாலிவுட் வந்து குரல் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

எந்தக் குரலை வைத்துச் சம்பளத்தில் கை வைத்தார்களோ, அதே குரல் இப்போது அவசரமாக வேண்டியிருந்தது!

லூயிஸ் என்ன சொன்னார்?

முடியாது.

பணம் தருகிறோம் என்றார்கள். முடியாது. மறுபடி மறுபடி கேட்டுப் பார்த்தார்கள். முடியவே முடியாது.

இந்த இரண்டாவது ‘முடியாது’தான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. முதலாவதைச் சொன்னபோது கையில் துருப்புச்சீட்டு இருந்தது. இப்போது எதுவும் இல்லை. சில நாள் வேலை. சொல்லிவிட்டுப் போயிருந்தால் பேசும்படத்தில் காலை வைத்த மாதிரியும் இருந்திருக்கும், பழைய பகை தீர்ந்த மாதிரியும் இருந்திருக்கும். ஆனால் லூயிஸ் கணக்குப் பார்க்கிற ஜாதி இல்லை. என்னைப் போ என்றீர்கள், போய்விட்டேன், இனி உங்களுக்கும் எனக்கும் என்ன? அவ்வளவுதான் அவர் நியாயம்.

நியாயம் அவர் பக்கம் இருந்தது. ஊர் அவர்கள் பக்கம் இருந்தது.

பாரமவுண்ட் இன்னொரு நடிகையைப் பிடித்தது. மார்கரெட் லிவிங்ஸ்டன். முர்னாவின் ‘சன்ரைஸ்’ படத்தில் பட்டணத்து மோகினியாக வந்தாரே, அவர்தான். லூயிஸின் உதட்டுக்கு அவர் குரல். குரல் பொருந்தாத இடங்களில் முகம் தெரியாமல் மார்கரெட்டையே நிற்கவைத்து எடுத்து ஒட்டினார்கள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஏன் வேறு குரல் என்று கேட்பார்களே? பதில் தயார் செய்தார்கள். லூயிஸ் ப்ரூக்ஸின் குரல் பேசும்படத்துக்கு லாயக்கில்லை. சேதியைப் பத்திரிகைகளுக்கு அவிழ்த்துவிட்டார்கள்.

ஒருவரும் அந்தக் குரலைச் சோதித்துப் பார்க்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து வந்த பேசும்படங்களில் லூயிஸ் பேசியிருக்கிறார். தெளிவான, திருத்தமான குரல். ஆனால் அதற்குள் பொய் ஊரைச் சுற்றி வந்து, உண்மையின் இடத்தில் கால் நீட்டிப் படுத்துவிட்டது.

1929 பிப்ரவரியில் இரண்டு படங்களும் சில நாள் இடைவெளியில் வெளிவந்தன. இரண்டிலும் லூயிஸ் கொலையாகிறார். அமெரிக்காவில் வேறொருத்தி குரலோடு செத்தார். பெர்லினில் குரலே இல்லாமல் செத்தார். பெர்லின் விமர்சகர்கள் ‘பண்டோராவின் பெட்டி’யைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். இந்தப் பெண் நடிக்கவே இல்லை, சும்மா இருக்கிறாள் என்றார்கள். தணிக்கைக்காரர்கள் கத்தரியோடு வந்தார்கள். இன்று உலகத்தின் பெரிய ஊமைப் படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் தவறாமல் இடம்பிடிக்கிற படம், அன்று போணியாகவில்லை.

என் தீர்ப்பை இந்த வாரமே சொல்லிவிடுகிறேன். ஷுல்பெர்க் அறையில் சொன்ன ‘போகிறேன்’ லூயிஸுக்கு அழியாத பெயரை வாங்கிக் கொடுத்தது. நியூயார்க்கில் சொன்ன ‘முடியாது’ அவர் பிழைப்பில் மண்ணைப் போட்டது. இரண்டையும் சொன்னது ஒரே குணம்தான். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட அவருக்குத் தெரியவில்லை.

தெரிந்த ஒருவர் இருந்தார். அதே பாப்ஸ்ட். அந்த ஆண்டே இன்னொரு படத்துக்கு லூயிஸைப் பெர்லினுக்கு அழைத்தார். அந்தப் படத்தின்போது ஒரு நாள், சிறிய உணவகம் ஒன்றின் தோட்டத்தில் அவரோடு உட்கார்ந்துகொண்டு, உன் கதி என்ன ஆகும் என்று முகத்துக்கு நேராக ஒரு ஜோசியம் சொன்னார். லூயிஸ் அதை அன்றைக்குப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜோசியம் என்ன? பலித்ததா?

அடுத்த வாரம் சொல்கிறேன். அதற்குள் ‘பண்டோராவின் பெட்டி’ கிடைத்தால் ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள். நாடகக் கொட்டகைக் காட்சியில் கோர்ட்னரின் விரல்களைக் கொஞ்சம் கவனியுங்கள். அது நடிப்பு அல்ல.

(தொடரும்)